திறப்பைக் கொடுத்துவிட்டு

நல்லூரில் வாடகைக்கு விடும் வீடுகள் பலவற்றின் சொந்தக்காரர்கள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். திறப்பு அயல்வீட்டில் இருக்கும். பருத்தித்துறை வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் உள்ள என் தங்கையின் வீட்டுத் திறப்பு என்னிடம் இருக்கிறது.

முன்பு தரகர்தான் ஆட்களைக் கூட்டி வருவார். விறாந்தையிலிருந்து குசினி வரை அவர் பேச்சு ஓயாது. வந்தவர்கள் தலையாட்டிக்கொண்டே பின்னால் போவார்கள். அவர் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால், குடியிருக்கப் போகிறவர்களுக்கு அந்த வீட்டுக்குள் தங்களுக்குள்ளே பேசிக்கொள்ளவும் நேரம் வேண்டும். இப்போது திறப்பைக் கையில் கொடுத்து, "ஆறுதலாப் பாருங்கோ, நான் படலையடியிலை நிக்கிறன்" என்று சொல்லிவிடுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் ஒரு தம்பதி கைக்குழந்தையோடு வந்தார்கள். மனைவி அறைகளைப் பார்க்கமுன் நேரே கிணற்றடிக்குப் போனாள். ஒரு வாளி அள்ளி, கலங்கல் அடங்கும்வரை நின்று, கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "அம்மா, மலகூடக் குழி எந்தப் பக்கம்?" என்றாள். எந்தத் தரகரும் அதுவரை அந்தக் கதையை எடுத்ததில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறே இல்லாத குடாநாடு இது. நிலத்தடி நீரை நம்பித்தான் சீவியம். அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளூடாகக் குழித் தண்ணீர் கிணற்றைச் சேர அதிக நேரம் எடுக்காது. பின்வளவில் குழி கிணற்றுக்குக் கிட்டத்தான் இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன்.

முன்பின் தெரியாதவர்களைத் தனியே உள்ளே விடலாமா என்று அயலில் கேட்கிறார்கள். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமமே வெளியேறியது. அடுத்த ஆண்டு திரும்பியவர்களில் எத்தனையோ பேர் கதவும் நிலையும் இல்லாத வீடுகளைத்தான் கண்டார்கள். வந்து குடியேறியவர் எழும்பமாட்டார் என்ற பயம் வேறு. குடியிருப்பவரை எழுப்புவதைக் கடினமாக்கிய 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் அதற்கு ஒரு காரணம். நான் அடையாள அட்டை இலக்கத்தைக் குறித்துக்கொள்வேன், மோட்டர் அறையைப் பூட்டிவைப்பேன். அது போதும்.

எனக்குக் கடினமாக இருந்தது வேறொன்று. "நீங்கள் எந்த இடம்?" என்ற கேள்வி. எங்கள் ஊரில் அது இடத்தை மட்டும் கேட்பதில்லை. சாதியையும் சேர்த்தே கேட்கிறது. முன்பு அதைக் கேட்டுச் சலித்தெடுத்த பிறகுதான் தரகர் ஆளையே கூட்டி வருவார். அவர் இல்லாதபோது அந்த வேலை திறப்பு வைத்திருப்பவர் தலையில் விழுகிறது. தங்கையும் தொலைபேசியில், "ஆக்கள் எப்படி, அக்கா?" என்றாள். என்ன வேலை, எத்தனை பேர், எப்போது வருவார்கள் என்று சொன்னேன். அதற்குமேல் கேட்கவும் மாட்டேன், சொல்லவும் மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், புதுக் குழி வெட்ட எவ்வளவு முடியும் என்று கேட்டாள்.

குழியைத் தள்ளி வெட்டுவதென்று முடிவாகிவிட்டது. நல்லூர்க் கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேறினால் வீதிகளை மறித்துவிடுவார்கள், சாமான் ஏற்றிய லொறி உள்ளே வராது. அதற்கு முன்னமே வேலையை முடித்துத் தரச்சொல்லி மேசனிடம் சொல்லியிருக்கிறேன்.