குடிப்பது ஓர் ஆறு, கொட்டுவது ஓர் ஆறு

மாசி பிறந்தால் வெள்ளிங்கிரி அடிவாரமான பூண்டியில் விடிய விடியக் கூட்டம். கையில் மூங்கில் தடி, தோளில் பை, பைக்குள் தண்ணீர் பாட்டில். ஏழு மலை ஏறப் போகிறவர்களை வனத்துறையினர் நிறுத்திப் பையைத் திறந்து பார்க்கிறார்கள். பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் அதில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, முன்பணம் வாங்கிக்கொள்கிறார்கள். இறங்கி வந்து காலிப் பாட்டிலைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். உறுதிமொழி கிடையாது, பதாகை கிடையாது, பேச்சாளர் கிடையாது. ஆனாலும் பாட்டில் திரும்பி வருகிறது. குறை ஒன்றுதான். மலையைச் சுத்தமாக வைக்கச் சொல்கிறவர்கள், அந்த மலையில் விழும் மழை எங்கே போகிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்கலாம். அது நொய்யலாகப் போகிறது.

பழைய பெயர் காஞ்சிமாநதி. வெள்ளிங்கிரியின் சரிவுகளில் பெரியாறு, சின்னாறு, நீலியாறு எனத் தனித்தனியாக இறங்கும் ஓடைகள் ஆலாந்துறைப் பக்கம் கூடுதுறையில் ஒன்றாகின்றன. அங்கிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என நான்கு மாவட்டங்களின் வழியே சுமார் 180 கிலோமீட்டர் ஓடிக் காவிரியில் சேர்கிறது. ஆற்றுப்படுகையின் பரப்பு ஏறக்குறைய 3,500 சதுர கிலோமீட்டர். நீளத்தில் சின்ன ஆறுதான். தமிழ்நாட்டில் இவ்வளவு வழக்கு கண்ட ஆறு வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

கூடுதுறையைத் தாண்டியதும் சித்திரைச்சாவடி அணைக்கட்டு. அணை என்றதும் மேட்டூரை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆற்றின் குறுக்கே ஒரு தாழ்ந்த கல் சுவர், பக்கவாட்டில் மதகு, அதிலிருந்து பிரியும் வாய்க்கால். அவ்வளவே. அந்த வாய்க்கால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, குமாரசாமி குளம் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு போகும். ஒரு குளம் நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர். கீழே இன்னோர் அணைக்கட்டு, இன்னொரு வாய்க்கால், இன்னொரு குளவரிசை. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், வெள்ளலூர்க் குளம், சிங்காநல்லூர்க் குளம் எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மழை மறைவுப் பகுதியான கோவைச் சமவெளியில் கிணறுகள் வற்றாமல் இருந்தது இந்த ஏற்பாட்டால்தான். குளத்து நீர் நேராகப் பாய்ந்த வயல்களைவிட, அது மண்ணுக்குள் இறங்கி ஊறிய கிணறுகளே அதிகம்.

இந்த ஏற்பாட்டைப் பராமரித்தவர்கள் எந்தப் பள்ளியிலும் நீர் மேலாண்மை படித்தவர்கள் அல்ல. மதகை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எத்தனை நாழிகை, வண்டலை எந்த மாதம் அள்ளுவது என்பது வேலையோடு வேலையாகக் கைமாறியது. விவசாயம் வீட்டுமனையானபோது அந்தப் பாடமும் நின்றுபோனது. இன்று குளக்கரையில் வீடு கட்டியிருப்பவருக்குத் தன் தெரு முனையில் மண்மூடிக் கிடப்பது சாக்கடையல்ல, வாய்க்கால் என்பதே தெரியாது.

பேரூரில் ஆறு கோயிலுக்கு வருகிறது. ஆடிப்பெருக்கன்று படித்துறை முழுக்கக் குடும்பங்கள். கன்னிமாருக்குக் கல் வைத்துப் பூஜை, முன்னோருக்குத் தர்ப்பணம். ஆற்றில் ஓட்டம் இருக்கும் ஆண்டு ஆனந்தம். இல்லாத ஆண்டு குழாய்த் தண்ணீரில் குளியல். விட்டுச்செல்லும் துணியும் பிளாஸ்டிக் பையும் எந்த ஆண்டும் குறைவதில்லை.

பேரூரைக் கடந்ததும் கோவை மாநகரம். இங்கேதான் நொய்யலின் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. கோவை வீடுகளில் ‘நல்ல தண்ணி’க்கு ஒரு குழாய், ‘உப்புத் தண்ணி’க்கு ஒரு குழாய். நல்ல தண்ணி சிறுவாணியிலிருந்தும் பில்லூரிலிருந்தும் வருகிறது. சிறுவாணி பவானியின் துணையாறு. பில்லூர் அணையோ பவானியின் மேலேயே இருக்கிறது. ஆக, நகரம் குடிப்பது பவானிப் படுகைத் தண்ணீர். குளித்து, துவைத்து, கழுவிய பின் அதை விடுவது நொய்யல் படுகையில். குடிக்கும் ஆறும் கொட்டும் ஆறும் வேறு வேறாகிவிட்டால், கொட்டும் ஆற்றைப் பற்றி யாருக்கு அக்கறை? திருப்பூரின் கதையும் இதுவே. பவானியும் காவிரியும் குழாயில் வருகின்றன, நொய்யல் பாலத்துக்கு அடியில் போகிறது. நீர்க் கல்வி என்று எதை நடத்தினாலும் முதல் வகுப்பு இந்த இரண்டு குழாய்களிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலும் அப்படித் தொடங்குவதில்லை.

சட்டத்தில் குறையில்லை. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலைக் கல்வி நிலையங்களில் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2001-ல் மத்திய அரசு தேசிய பசுமைப் படையைத் தொடங்கியது. பள்ளிதோறும் மன்றம், பொறுப்பாசிரியர், கொஞ்சம் நிதி. நடப்பில் அது உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று மரக்கன்று, உலகத் தண்ணீர் தினத்தன்று ஓவியப் போட்டி என்று சுருங்கியிருக்கிறது. குழாயில் சொட்டும் நீரை நிறுத்தச் சொல்லும் ஓவியம் ஆயிரம் கிடைக்கும். தன் பள்ளிச் சாக்கடை எந்தக் குளத்தில் போய் விழுகிறது என்று வரைந்த பிள்ளை அபூர்வம்.

பாடத்திட்டத்துக்கு வெளியேதான் உண்மையான வகுப்புகள் நடந்தன. 2003-ல் தொடங்கிய சிறுதுளி அமைப்பு தூர்வாரல், மழைநீர்ச் சேகரிப்பு என்று நகரத்தின் காதில் குளங்களின் பெயரைப் போட்டது. மாநகராட்சி 2010-ல் எட்டுக் குளங்களைப் பொதுப்பணித் துறையிடமிருந்து நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தது. 2013 கோடையில் உக்கடம் பெரியகுளம் வறண்டு வெடித்தபோது கல்லூரி மாணவர்கள், தொழிற்சாலை ஊழியர்கள், இல்லத்தரசிகள் எனத் திரண்டு தூர்வாரினார்கள். 2017 வறட்சியில் பேரூர்ப் பக்கத்துப் பெரியகுளத்தில் பிறந்தது கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு. அவர்கள் பாணி எளிமையானது: ஞாயிறு காலை, மண்வெட்டி, வேலை முடிந்ததும் வீடு.

வெள்ளலூர்க் குளத்தில் அவர்கள் செய்ததைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். குளம் பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. ஆற்றில் வெள்ளம் போன ஆண்டும் வறண்டது. காரணம் குளத்தில் இல்லை, வாய்க்காலில் இருந்தது. அணைக்கட்டிலிருந்து வரும் வரத்து வாய்க்காலில் மண், கட்டட இடிபாடு, நெகிழிக் குப்பை, முள்செடி எல்லாம் இறுகிப் படிந்திருந்தன. தன்னார்வலர்கள் குப்பையை அள்ளினார்கள், நிர்வாகத்தின் துணையோடு வழி திறந்தது. அடுத்து வந்த வெள்ளத்தில் தண்ணீர் குளத்துக்குள் நுழைந்தது. பிறகு கரையில் குறுங்காடு, பட்டாம்பூச்சிப் பூங்கா. அங்கே மண் சுமந்த பிள்ளைக்கு ‘வரத்து வாய்க்கால்’ என்பதற்கு விளக்கம் தேவையில்லை. மூடினால் என்ன ஆகும், திறந்தால் என்ன ஆகும் என்று கண்ணால் கண்டாயிற்று. இதே வெள்ளலூரில்தான் ரோமானிய நாணயக் குவியல்கள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுக்கு முன் பாலக்காட்டுக் கணவாய் வழி வந்த வணிகர்கள் இந்த ஆற்றங்கரையைப் பிடித்துத்தான் கிழக்கே போனார்கள்.

சிங்காநல்லூர்க் குளத்தில் பாடம் வேறு வகை. சங்கனூர்ப் பள்ளம் நகரத்தின் வடபகுதிக் கழிவையெல்லாம் வாரிக்கொண்டு இந்தப் பக்கம்தான் வருகிறது. ஆகாயத்தாமரை, நாற்றம், இரண்டுக்கும் நடுவே நாரைகளும் நீர்க்காகங்களும். சுமார் 288 ஏக்கர் குளத்தை 2017-ல் மாநகராட்சி நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. மாணவர்கள் வந்து பறவையையும் பூச்சியையும் மரத்தையும் எண்ணிக் குறிக்கிறார்கள். மற்றக் குளங்களுக்கு ஸ்மார்ட் சிட்டி பணத்தில் நடைபாதையும் வண்ண விளக்கும் செல்ஃபி மேடையும் வந்தன. கூட்டம் வருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் நடைபாதையில் பத்துச் சுற்று சுற்றினாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது தெரியவராது. கரையை அழகாக்குவதும் நீரைக் காப்பதும் ஒன்றல்ல என்பதைச் சொல்ல அங்கே ஒரு பலகைகூட வைக்கவில்லையென்றால், அது பூங்காதான், குளமல்ல.

சூலூரைத் தாண்டி சாமளாபுரம் வழியாகத் திருப்பூர். நகருக்குள் ஜம்மனைப் பள்ளமும் சங்கிலிப் பள்ளமும் நொய்யலில் கலக்கின்றன. ஒரு காலத்தில் இந்தப் பள்ளங்களின் நிறத்தைப் பார்த்தே அன்று பட்டறைகளில் என்ன சாயம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது. போட்டதெல்லாம் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். தொடக்கத்தில் அமைத்த சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன. உப்பை அப்படியே விட்டன. பார்க்கத் தெளிந்த தண்ணீர், வாயில் வைத்தால் உப்பு. கண்ணை நம்பக் கூடாது என்று நொய்யல் கற்றுத்தந்த கசப்பான பாடம் அது.

அந்தப் பாடத்தை முழுதாகப் படித்தவர்கள் திருப்பூர்க்காரர்கள் அல்ல, கீழே இருந்தவர்கள். சென்னிமலை வட்டாரத்தில் ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போகும் உப்பை அணை பிடித்து நிறுத்தி, சுற்றுவட்டார நிலத்துக்குள் இறக்கியது. கிணறு உப்பானது, தென்னை காய்ப்பு விழுந்தது, மாடு தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்க மறுத்தது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே கேட்க வேண்டிவந்தது. இப்படி ஒரு கோரிக்கை வேறெந்த அணைக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் தண்ணீரைப் படிக்கத் தொடங்கினார்கள். நீரில் கரைந்த உப்பின் அளவைக் குறிக்கும் டி.டி.எஸ். என்ற மூன்றெழுத்து ஒரத்துப்பாளையம் டீக்கடைகளில் ஆடு, மாடு விலையைப் போலப் புழங்கியது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. கழிவுநீர் வெளியேற்றத்துக்கான வரம்பு 2,100. இந்த எண்களைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, வழக்குதான் சொல்லிக்கொடுத்தது. கரூர் விவசாயிகள் 1990-களிலேயே உயர் நீதிமன்றம் போனார்கள். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் ஜீரோ டிஸ்சார்ஜ் தீர்ப்பு வந்தது: சொட்டுக் கழிவும் வெளியே வரக் கூடாது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. அப்போதும் கழிவு நின்றபாடில்லை. 2011 ஜனவரி 28-ல் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். அதன் பிறகே கழிவுநீரைச் சவ்வு வழியாக வடித்து, மிஞ்சியதைக் காய்ச்சி, உப்பையும் நீரையும் திரும்பப் பயன்படுத்தும் முறை நிலைபெற்றது. செய்ய முடியாது என்றார்கள், செய்தார்கள். இன்றும் இரவோடு இரவாகத் திறந்துவிடும் பட்டறை பற்றிய புகார் வராமல் இல்லை. எனினும் கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறை கீழ்ப்படுகையில் இருக்கிறது.

திருப்பூரும் சும்மா இருக்கவில்லை. நல்லாறு வந்து நிரப்பும் நஞ்சராயன் குளத்தில் திருப்பூர் இயற்கைக் கழகத்தினர் ஆண்டுக்கணக்காகப் பறவைகளைப் பதிவு செய்தார்கள். வலசை வரும் வரித்தலை வாத்து உட்பட ஒவ்வொன்றும் ஏட்டில் ஏறியது. சுமார் 125 ஹெக்டேர் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. அரசாணைக்கு ஆதாரம் தேவைப்பட்டபோது, விடுமுறை நாட்களில் தொலைநோக்கியோடு நின்றவர்களின் கணக்குக் கைகொடுத்தது. தமிழ்நாடெங்கும் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஆசிரியர்களும் மாணவர்களும் செய்வதும் இதுதான். எண்ணுவது சலிப்பான வேலை. ஆனால் எண்ணியவர் அந்தக் குளத்தை எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஒரத்துப்பாளையத்துக்குச் சற்று மேற்கே, வடகரையில் கொடுமணல். சங்கப் பாடல்கள் கொடுமணம் என்று குறிக்கும் ஊர். இரும்பு உருக்கிய உலைகளும் கல்மணி பட்டை தீட்டிய பட்டறைகளும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அகழாய்வில் கிடைத்தன. தொழிலும் ஏற்றுமதியும் இந்த ஆற்றுக்குப் புதிதல்ல. ஆற்றைக் கெடுக்காமல் ஏற்றுமதி செய்யவும் இங்கே முடிந்திருக்கிறது.

சின்னமுத்தூரில் நொய்யலின் ஒரு பகுதியைத் திருப்பி ஆத்துப்பாளையம் நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மிச்சம் கரூர் மாவட்டத்தில், ஆற்றின் பெயரையே தாங்கிய நொய்யல் என்ற ஊரில் காவிரியில் கலக்கிறது. பவானி இதற்கு மேலே, பவானி நகரின் கூடுதுறையிலேயே காவிரியில் சேர்ந்துவிட்டது. ஆகவே கோவை வீடுகளில் நல்ல தண்ணியாகக் குழாயில் வந்த சிறுவாணி, சாக்கடையாகி, குளம் குளமாகப் புரண்டு, தான் பிரிந்த பவானியை இந்த ஊரில் மறுபடி சந்திக்கிறது. இதற்குக் கீழே கரூரும் திருச்சியும் காவிரியைத்தான் குடிக்கின்றன.

கூடுதுறையிலிருந்து நொய்யல் ஊர் வரை ஒரு பள்ளிப் பேருந்து ஒரே நாளில் போய்வரும் தூரம். கூடுதுறை, உக்கடம், திருப்பூரின் மண்ணரை, ஒரத்துப்பாளையம், நொய்யல் என ஐந்து இடங்களில் ஐந்து பாட்டிலில் நீர் எடுத்து, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். பேனாவை நனைத்து, திரையில் வரும் எண்ணைப் பிள்ளைகளே நோட்டில் எழுதட்டும். மேலே இருப்பவர்களின் பிள்ளைகள் ஒரத்துப்பாளையத்து விவசாயி ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசட்டும். பசுமைப் படைக்கு வரும் நிதியில் இது அடங்கும். கோவை, திருப்பூர் பள்ளிகளின் பொறுப்பாசிரியர்கள் அடுத்த ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறையும், மழைக்குப் பின் ஒரு முறையும் அந்தப் பேருந்தைக் கிளப்ப வேண்டும்.