கடல் வாசலும் திராட்சைத் தோட்டமும்

ஸிஸிலித் தீவின் மேற்குக் கோடியிலே மர்ஸாலா என்னும் துறைமுகப் பட்டணம் இருக்கிறது. ஒருபுறம் நீலக் கடலும் மணற்கரையும். வடக்கே காற்றாலைகள் நிற்கும் உப்பளங்கள். உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் கண்ணுக்கெட்டிய மட்டும் திராட்சைத் தோட்டங்கள். நாம் அங்கே போய்ச் சேர்ந்த செப்டம்பர் மாதத்தில் பழம் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

இவ்வூர்ப் பெயரை உலகம் அறிந்தது மதுவினாலே. 1773-இல் ஜான் உட்ஹவுஸ் என்ற ஆங்கில வர்த்தகர், நெடுங்கடல் யாத்திரையில் கெடாதிருக்கும் பொருட்டு, இவ்வூர் மதுவிலே சாராயம் சேர்த்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். பின்னர் ஆங்கிலேயரின் பண்டகசாலைகள் கடற்கரையில் எழும்பின. வியாபாரம் செய்ய வந்தவர்களின் கதை நமக்குப் புதிதல்லவே!

ஆனால் நாம் போனது மதுவைத் தேடியன்று. கரிபால்டியின் அடிச்சுவட்டைத் தேடி. 1860 மே 11-இல், சுமார் ஆயிரம் தொண்டர்களுடன் அவர் இங்கேதான் கரையிறங்கினார். துறைமுகத்தில் ஆங்கில யுத்தக் கப்பல்கள் நின்றபடியால், நேபிள்ஸ் அரசனின் கப்பல்கள் சுடத் தயங்கின. அதற்குள் வீரர்கள் இறங்கிவிட்டார்கள். முன்பு கடல் வாசல் எனப்பட்ட கோட்டை வாசல் இன்று கரிபால்டி வாசலாக விளங்குகிறது. அதன் கீழே நின்றபோது நமக்கு மெய் சிலிர்த்தது.

அந்தச் சிலிர்ப்பு அடங்குமுன் வேறொரு ஞாபகமும் வந்தது. அன்று வந்த இரண்டு கப்பல்களில் ஒன்றை நடத்தி வந்தவர் நினோ பிக்ஸியோ. ஜூன் மாதத்தில், போரிட்டவர்களுக்கு நிலத்தில் பங்கு உண்டென்று கரிபால்டி கட்டளை பிறப்பித்தார். எட்னா எரிமலையடியிலுள்ள பிரோந்தே கிராமத்துக் குடியானவர்கள் அதை நம்பினார்கள். அவ்வூரைச் சேர்ந்த பெரும் பண்ணையோ, 1799-இல் நேபிள்ஸ் அரசன் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்ஸனுக்கு மானியமாகக் கொடுத்தது. ஆகஸ்டில் குடியானவர்கள் நிலங்கேட்டுக் கிளர்ந்தெழுந்தனர். ஊர்ப் பெரியமனிதர் சிலரைக் கொன்றும் விட்டனர். அடக்க வந்தவர் அதே பிக்ஸியோ. அவசர விசாரணைக்குப் பின் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவன் ஊரறிந்த பித்தன்.

மாலையில் தோட்டங்களின் பக்கம் நடந்தோம். கடற்காற்றுக்கு அஞ்சியவைபோல் கொடிகள் தரையோடு குட்டையாக நின்றன. முதிய குடியானவர் ஒருவர் ஒரு குலையை அறுத்து நம் கையில் கொடுத்தார். மதுவைத் தொடாத நமக்கு அதுவே போதுமான விருந்து. விலை கேட்டதற்குச் சிரித்துத் தலையை அசைத்துவிட்டார்.

1947-இல் நமக்கும் வாசல் திறந்தது. உழுகிறவன் கொல்லை வரையில் விடுதலை நடந்து போயிற்றா என்று விசாரிப்பது, வாசலில் மாலை சாத்துவதைக் காட்டிலும் பெரிய தேசபக்தி என்றே நமக்குத் தோன்றியது.