பச்சை வாசனை போகும் வரை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊர்ச் சமையல் குறிப்பு எதை எடுத்தாலும் ஒரு வாசகம் தவறாமல் இருக்கும். வெங்காயத்தைப் போட்டுப் பச்சை வாசனை போகும் வரை வதக்க வேண்டும். எத்தனை நிமிடம் என்று இருக்காது. எவ்வளவு சூடு என்றும் இருக்காது. நம் அம்மாக்களும் பாட்டிகளும் கடிகாரம் பார்த்துச் சமைத்தவர்கள் இல்லை. அவர்களுக்கு மூக்குதான் கடிகாரம்.

அந்த மூக்கு நின்றுபோனால் என்ன செய்வது?

எங்கள் வீட்டில் நாலு வருடமாக இருக்கிற கேள்வி இது. என் மனைவிக்குப் பார்க்கின்சன் நோய். நடுக்குவாதம் என்று சொல்வார்கள். ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் 1817-இல் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார், அதனால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. இந்த நோய் என்றால் கை நடுங்கும் என்றுதான் பொதுவாக நினைப்போம். வாசனை அறியும் திறனும் பலருக்கு இதில் குறைந்துவிடும். சிலருக்கு நடுக்கம் தொடங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே மூக்கு மங்கிவிடுவதும் உண்டு. மருத்துவர் முதல் நாள் கேட்ட கேள்விகளில் ஒன்று, "காபி வாசனை தெரியுதாம்மா?" என்பது. என் மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தெரியற மாதிரிதான் இருக்கு டாக்டர். ஆனா அது வாசனையா, ஞாபகமான்னுதான் புரியல."

நாற்பது வருடம் மூக்கால் சமையலறையை ஆண்டவர் அவர். கூடத்தில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டே, "ஏங்க, அடிப்பிடிக்கப் போகுது, அடுப்பக் கொறைங்க" என்று குரல் கொடுப்பார். போய்ப் பார்த்தால் அப்போதுதான் பாத்திரத்தின் அடியில் லேசாக நிறம் மாறத் தொடங்கியிருக்கும்.

நோய் உறுதியானதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். அவருடைய அக்கா, "இனிமே நீ அடுப்பங்கரப் பக்கமே போகாத கண்ணு, இத்தன வருசம் செஞ்சது போதும்" என்றார். அன்பில் சொன்னதுதான். காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போக ஓர் அம்மாவை ஏற்பாடு செய்தோம். அவரும் நன்றாகவே சமைத்தார். இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி கேட்டார்: "ஏங்க, நான் இப்ப இந்த வீட்டுக்கு விருந்தாளியா?"

அந்தக் கேள்விக்கு மருந்துச் சீட்டில் பதில் இல்லை.

பயத்துக்குக் காரணமும் இல்லாமல் இல்லை. உடம்பு விறைப்பாக, அசைவு மெதுவாக இருக்கும்போது கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் நிற்பது ஆபத்து. தெறித்தால் சட்டென்று விலக முடியாது. இன்னொன்று, இதைவிடப் பெரிது. நாம் வீட்டில் எரிக்கும் சமையல் எரிவாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைத் துளி அளவு கலக்கிறார்கள். வெங்காயத்தின் நெடியும் கந்தகச் சேர்மங்களால் வருவதுதான். வெங்காயம் தெரியாத மூக்குக்குக் கேஸ் கசிவும் தெரியாது. முப்பத்துமூன்று வருடம் வேதியியல் பாடம் நடத்தியவன் நான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த நாளில் கேஸ் கசிவு அறியும் அலாரம் ஒன்றை வாங்கிச் சுவரில் தரையை ஒட்டி மாட்டினேன். எரிவாயு காற்றைவிடக் கனமானது, தாழ்வாகத்தான் தேங்கும்.

இந்த நிலையில்தான் பெங்களூரில் இருக்கும் மகள் ஓர் ஏர் ஃப்ரையர் வாங்கி அனுப்பினாள். "அம்மா செய்யட்டும்பா. தீயும் இல்ல, கேஸும் இல்ல. நேரம் ஆனா தானே நின்னுடும்" என்றாள்.

பெயரில்தான் பொரிப்பு இருக்கிறது. உள்ளே இருப்பது மின்கம்பிச் சுருளும் விசிறியும். 2010-இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் இதை அறிமுகப்படுத்தியது. சூடான காற்று சின்ன அறைக்குள் வேகமாகச் சுழலும். ஈரமான பொருளைச் சுற்றி எப்போதும் ஓர் ஈரக்காற்றுப் படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். விசிறிக்காற்று அதைக் கலைத்துக்கொண்டே இருப்பதால் நீர் சீக்கிரம் வெளியேறும். மொட்டை மாடியில் காற்றடிக்கும் நாளில் துணி சீக்கிரம் காய்கிறதே, அதே கணக்குதான்.

வெங்காயத்துக்கு இது முக்கியம். பெரிய வெங்காயத்தில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு வரை தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் இருக்கும் வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், சிவக்காது. தண்ணீர் போன பிறகுதான் சூடு ஏறிப் பொன்னிறம் வரும். சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தருகிற இந்த வினையை 1912-இல் விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் மையார். பிரியாணிக்குப் பொரிக்கும் வெங்காயம் கடைசி இரண்டு நிமிடத்தில் மளமளவென்று கறுக்கிறதே, அது இதனால்தான். முதல் பதினைந்து நிமிடமும் நடப்பது காய்ச்சல். கடைசியில் நடப்பதுதான் சிவப்பு.

நாங்கள் இருவரும் ஒரு பழைய நோட்டை எடுத்து அளவுகளை எழுதத் தொடங்கினோம். செய்தது அவர், எழுதியது நான். வெங்காயத்தைப் பொறுத்தவரை கண்டது இவ்வளவு.

சின்ன வெங்காயம் கால் கிலோ, உரித்தது. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசற வேண்டும். 160 டிகிரியில் 15 நிமிடம். நடுவில் இரண்டு முறை கூடையை வெளியே இழுத்துக் குலுக்க வேண்டும். சாம்பாருக்கும் வற்றல் குழம்புக்கும் துவையலுக்கும் இது போதும்.

பிரியாணிக்கு, குருமாவுக்குப் பெரிய வெங்காயம் மூன்று. ஒரே கனத்தில் நீளமாக அரிய வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் எல்லா இழையிலும் படும்படி பிசற வேண்டும். எண்ணெய் படாத இழை காய்ந்ததும் லேசாகி, விசிறிக் காற்றில் பறந்துபோய் மேலே கம்பிச் சுருளில் ஒட்டிக் கருகும். 150 டிகிரியில் 20 நிமிடம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு குலுக்கல். உப்பு கடைசியில்தான். முதலில் போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு நேரம் பிடிக்கும். நமக்கு வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்பே தட்டில் பரப்பிவிட வேண்டும். உள்சூட்டில் மீதி நிறம் தானே ஏறும்.

கூடையை நிறைக்கக் கூடாது. நிறைத்தால் காற்று புகாமல் வெங்காயம் அவிந்துவிடும். மின்சாரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். எங்கள் இயந்திரம் 1500 வாட். 20 நிமிடம் முழுக்க ஓடினாலும் அரை யூனிட்தான். இதே வெங்காயத்தைச் சட்டியில் பொரித்தால் கால் லிட்டருக்கு மேல் எண்ணெய் ஊற்ற வேண்டும். மிஞ்சும் எண்ணெயைக் கொட்ட மனசு வராமல் மறுநாள் அப்பளம் பொரிப்போம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கெடும் என்பதற்காக 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உணவு வணிகர்களுக்கு ஓர் எல்லையே வைத்திருக்கிறது. எண்ணெயில் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் அதை அளக்க நம்மிடம் கருவி இல்லை.

இது வதக்கலுக்குச் சமம் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டியில் கடுகு வெடித்து, கறிவேப்பிலை சிடுசிடுத்து, அந்த எண்ணெயில் வெங்காயம் விழுந்து தன் நீரிலேயே வெந்து கண்ணாடிப் பதம் வரும் வழி வேறு. இயந்திரத்தில் ஓரம் முதலில் காயும், நடு பிறகுதான் குழையும். தாளிப்பு அதில் நடக்காது. அதனால் வெங்காயம் அவர் பொறுப்பு, அடுப்பில் தாளிப்பது என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். காலையில் வரும் அம்மாவுக்குச் சாதமும் காய்கறி நறுக்கலும். மாலைச் சமையல் முழுக்க எங்களுடையது.

உரிப்பதும் அவர்தான். "கை நடுங்கறவங்கள வெங்காயம் உரிக்க விடறீங்களா?" என்று சிலர் கேட்டார்கள். இந்த நோயின் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் அதிகம். கை ஒரு வேலையில் இறங்கினால் குறையும். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் என் கண்முன்னால் நடப்பது இதுதான். டி.வி. பார்க்கும்போது மடியில் கிடந்து ஆடுகிற வலது கை, பத்து நிமிடம் தண்ணீரில் ஊறிய சின்ன வெங்காயத்தை எடுத்ததும் அமைதியாகிவிடுகிறது. மெதுவாகத்தான் உரிப்பார். கால் கிலோவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நமக்கு என்ன அவசரம்?

உரிக்கும்போது அவர் கண்ணில் தண்ணீர் கொட்டும். முதல் நாள் அவரே ஆச்சரியப்பட்டார். "வாசனையே தெரியல, கண்ணு மட்டும் எப்படிங்க எரியுது?" பாடம் நடத்த இதைவிட நல்ல கேள்வி எனக்கு வகுப்பறையில் கிடைத்ததில்லை. வாசனையை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு வேறு, கண் எரிச்சலைக் கொண்டுபோகும் நரம்பு வேறு. முகத்துக்கான முப்பிரிவு நரம்பு அது. வெங்காயத்தின் கண்ணீர் வாயுவை உண்டாக்குவதற்கென்றே தனியாக ஒரு நொதி இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-இல் கண்டுபிடித்தார்கள். 2013-இல் அதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு. இதைச் சொன்னதும் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அப்ப இன்னும் ஒரு வழி தெறந்துதான் இருக்கு" என்றார்.

மூக்குக்குப் பதிலாக இன்னொரு வழியையும் அவர்தான் கண்டுபிடித்தார். எந்தக் குறிப்பிலும் நான் படித்ததில்லை. கூடையைக் குலுக்கும்போது காதைக் கொடுத்துக் கேட்கிறார். ஈரமான வெங்காயம் தொப்தொப்பென்று விழும். பாதி காய்ந்தால் சத்தம் மெலியும். பதம் வந்ததும் காய்ந்த சருகு மாதிரி சலசலக்கும். டைமரில் இன்னும் மூன்று நிமிடம் இருக்கும்போதே, "போதுங்க, எடுத்துரலாம்" என்பார். திறந்து பார்த்தால் சரியான நிறம். நோட்டில் நான் எழுதிய நிமிடங்களைவிட அவர் காது துல்லியம்.

அவர் பிறந்த ஊர் பெரம்பலூர்ப் பக்கம். சின்ன வெங்காயம் விளையும் பூமி. அறுவடைக் காலத்தில் பட்டறை போடும் இடத்திலேயே அடுப்புச் சாம்பலில் வெங்காயத்தைத் தோலோடு புதைத்துச் சுட்டு, கம்பங்கஞ்சிக்குக் கடித்துக்கொள்வார்களாம். போன தை மாதத்தில் அதைச் செய்து பார்த்தோம். பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், உரிக்காமல், எண்ணெய் இல்லாமல், 180 டிகிரியில் 18 நிமிடம். தோல் கருகி உள்ளே வெண்ணெய் போலக் குழைந்திருந்தது. நுனியைப் பிதுக்கி வாயில் போட்டவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இனிக்குதுங்க" என்றார்.

மூக்கு போனவர்களுக்கு உணவின் ருசியில் பெரும்பகுதி போய்விடும். இனிப்பு, புளிப்பு, உப்பு போன்றவைதான் நாக்கின் கணக்கு, மீதியெல்லாம் மூக்கின் கணக்கு. வெங்காயத்தைச் சுட்டால் நெடி அடங்கி, உள்ளிருக்கும் சர்க்கரை முன்னால் வந்து நிற்கும். அது நாக்குக்கு நேராகப் போகும். புகை மணம் அவருக்குத் தெரிந்திருக்காது. இனிப்பு தெரிந்தது. அன்று வழக்கத்தைவிட ஒரு கரண்டி சாதம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

இதை எழுதுவதற்குக் காரணம் இயந்திரத்தைப் புகழ்வது இல்லை. மின்சார அடுப்போ பழைய அவனோ இருந்தால் அதுவும் உதவும். சொல்ல வந்தது இரண்டு விஷயம்.

ஒன்று, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மாதம் ஒருமுறை காபித்தூள் டப்பாவைத் திறந்து, கண்ணை மூடச் சொல்லி முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். சளி, வயது, கொரோனா என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேஸ் அலாரமும் வாங்கி மாட்டுங்கள்.

இரண்டு, நோய் வந்தவரிடம் "நீங்க சும்மா உட்காருங்க" என்று சொல்வதற்கு முன்னால், அவர் செய்துவந்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். உரிப்பது, பிசறுவது, குலுக்குவது, பதம் சொல்வது, தாளிப்பது. இதில் எது ஆபத்தோ அதை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மீதியை அவரிடமே விட்டுவிடுங்கள். நேரம் கூடத்தான் ஆகும். ஆகட்டும்.

அளவுகள் எங்கள் இயந்திரத்துக்கு உரியவை. உங்கள் வீட்டில் இரண்டு மூன்று நிமிடம் கூடலாம், குறையலாம். குலுக்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள்.