மொகிலி இறக்கமும் அலிபிரி நேரமும்

மலை இறக்கத்தில் லாரியைக் காப்பாற்றுவது பிரேக்கைவிட கியர்தான். எந்த கியரில் ஏறுமோ அதே கியரில் இறக்கு என்பது பழைய ஓட்டுநர்கள் கிளீனர் பையனுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். சென்னையிலிருந்து ராணிப்பேட்டை, சித்தூர், பலமநேர் வழியாகப் பெங்களூரு போகும் பழைய நெடுஞ்சாலையில் அந்தப் பாடத்துக்குப் பரீட்சை வைக்கும் இடம் மொகிலி கணவாய். பலமநேர் மேட்டிலிருந்து பங்காருபாளையம் நோக்கிச் சாலை சரிகிறது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் இன்ஜினின் பிடி போய்விடும். டன் கணக்கான லோடு முழுவதும் பிரேக்கை நம்பி இறங்கும். டிரம் சூடேறச் சூடேற லைனிங் வழுக்கும். அதன்பிறகு பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. வேகம் இரட்டித்தால் பிரேக் அடக்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிவிடும்.

2024 செப்டம்பர் 13 அன்று, திருப்பதியிலிருந்து பெங்களூரு சென்ற ஆந்திர அரசுப் பேருந்தின்மீது, இரும்புக் கம்பி ஏற்றி எதிரே வந்த லாரி இந்தக் கணவாயில் நடுத்தடுப்பைத் தாண்டி மோதியது. ஏழு பேராவது இறந்தார்கள். பேருந்தில் இருந்தவர்கள் தங்கள் பக்கத்துச் சாலையில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவர்கள்.

ஆந்திரச் சாலையில் ஓட்டுபவர்கள் முரடர்கள் என்று தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் பேசிக்கொள்வதுண்டு. தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயில் ஆண்டுதோறும் நடக்கும் விபத்துகளை மறந்த பேச்சு அது. போதாததற்கு, மொகிலி அடிவாரத்து ஓட்டல்களில் நிற்கும் லாரிகளில் நாமக்கல், சங்ககிரி வண்டிகளையும் பார்க்கலாம்.

அப்படி ஒரு ஓட்டலில் ராகி சங்கடியும் வேர்க்கடலைச் சட்னியும் சாப்பிட உட்கார்ந்த பயணியின் கவனத்தை இழுத்தது வாசலில் நடந்த சச்சரவு. பின்சக்கரத்திலிருந்து கருகிய வாடை வந்துகொண்டிருந்தது. கிளீனர் வாளித் தண்ணீரோடு ஓடினான். "ஊத்தாதடா! டிரம் விரிசல் விட்டுடும்" என்று ஓட்டுநர் கத்தினார். அடுத்த நிமிடம் போனில் ஓனர். "இல்லண்ணே, வீல் கொதிக்குது. ஆறினாத்தான் எடுப்பேன். லேட்டுக்கு வாடகையில பிடிச்சுக்குங்க." மறுமுனையில் குரல் உயர்ந்தது காதில் விழுந்தது. அவர் போனைப் பையில் போட்டுவிட்டு, ஒரு கம்பியால் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். சங்கடி ஆறிப்போனதைப் பயணி கவனிக்கவில்லை.

சித்தூரிலிருந்து திருப்பதி வந்தால் இதற்கு நேர்மாறான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 1944இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதை இப்போது திருமலையிலிருந்து இறங்குவதற்கு மட்டும். மேலிருந்து புறப்படும்போது வண்டியின் நேரம் பதிவாகும். நாற்பது நிமிடத்துக்கு முன்னால் அடிவாரத்து அலிபிரிக்கு வந்து சேர்ந்தால் குற்றம். ஏறுவதற்கு இருபத்தெட்டு நிமிடம், இறங்குவதற்கு அதைவிட அதிகம். ஆபத்து எந்தப் பக்கம் என்பதை அறிந்து போட்ட கணக்கு. மெதுவாக வருகிறவருக்கு இங்கே நஷ்டமில்லை. மொகிலியில் அதே நிதானத்துக்கு ஓட்டுநர் தன் கூலியிலிருந்து விலை கொடுக்கிறார். பொறுப்பை அவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

சட்டம் இதை அறியாததல்ல. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குப் பின் அரை மணி ஓய்வு என்று வகுத்தது. டிரிப் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அந்த ஓய்வு வருமான இழப்பு. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று 2019இல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். லோடு ஏற்றச் சொன்னவர் கேபினில் உட்கார்ந்து இறங்குவதில்லை.

ஓனரையோ கூலியையோ காரணம் காட்ட முடியாத இடமும் உண்டு: குடி. ரேணிகுண்டா தாண்டிக் காளஹஸ்தி போகும் வழியில் ஏர்ப்பேடு. 2017 ஏப்ரல் 21 அன்று, மணல் கொள்ளைக்கு எதிராக முனகலபாளையம் விவசாயிகள் அங்கே காவல் நிலையத்தின் முன் கூடியிருந்தார்கள். லாரி ஒன்று மின்கம்பத்தை இடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தது. சக்கரத்தில் சிக்கியும் மின்சாரம் தாக்கியும் பதினைந்து பேராவது மாண்டார்கள். ஓட்டுநர் குடித்திருந்ததாகக் காவல்துறை அப்போது தெரிவித்தது. நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் ஸ்டீரிங்கைத் தொடக்கூடாது என்பது சட்டம்.

விபத்து நடந்தபின்னும் கடமை ஒன்று மிச்சம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க வழிசெய்யும்படி ஓட்டுநரைப் பணிக்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போகலாம் என்பதையும் அதே பிரிவு ஏற்கிறது. அந்த நிலையிலும், அங்கே காவலர் இல்லாவிட்டால், அவர் சம்பவத்தை எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில், எப்படியும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவித்தாக வேண்டும்.