ஒருகொடவத்தையில் இரு குடைகள்

கொழும்பின் பேஸ்லைன் வீதி வடக்கே வந்து அவிசாவளை வீதியைச் சந்திக்கும் இடம் ஒருகொடவத்தை. கொள்கலன் லொறிகளின் இரைச்சலும் புழுதியும் மிகுந்த இச்சந்திக்கு இயற்கை எழிலை நாடி வருவோர் அரியர். எனினும், அந்தி மயங்கும் வேளையில் இங்கு நின்று அண்ணாந்து பார்ப்போமாயின், பெரும் பழந்தின்னி வௌவால்கள் இரைதேடிச் செல்வதைக் காணலாம். பகலில் விகாரமகாதேவி பூங்காவின் மரங்களில் மடித்த கருங்குடைகள்போல் தலைகீழாகத் தொங்குபவை இவ்வினத்தவையே. விரித்த குடையைக் காண விரும்பினாலோ, மழைக்குப் பின் நிலத்தை நோக்குதல் வேண்டும். கறையான் புற்றருகே தலைநீட்டும் புற்றுக்காளானே அது.

வௌவாலுக்கும் காளானுக்கும் என்ன ஒப்புமை என்று நேயர்கள் நகைக்கலாம். காளானை நாம் மரக்கறியோடு சேர்த்தே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால், 1993-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்றும் அதன் பின் வந்தவையும், காளான் இனம் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு எனக் காட்டின. அதாவது, வௌவால் தொங்கும் மரத்தைவிட, அம்மரத்தடியில் முளைக்கும் காளானே வௌவாலுக்குக் கிட்டிய சொந்தம்!

சிறகை விரித்தால் ஒரு மீற்றருக்கும் மேற்பட்ட அகலமுடையது இவ்வௌவால். கண்ணாலும் மூக்காலும் கனியை அறிந்து, சாற்றை உறிஞ்சிச் சக்கையை உமிழும். அத்தி, ஆல் முதலியவற்றின் நுண்ணிய விதைகள் அதன் வயிற்றினூடே பயணஞ் செய்து வேறிடத்தில் முளைக்கும். ஆண்டுக்கு ஒரே குட்டிதான் ஈனும்.

புற்றுக்காளானின் கதை விந்தையானது. கறையான் தான் மென்ற மரத்தூளைப் புற்றினுள் பாத்திபோல் அமைக்க, காளான் இழைகள் அதிற் படர்ந்து மரத்தைப் பக்குவஞ் செய்கின்றன. அதுவே கறையானுக்கு உணவு. பேராதனையில் பணியாற்றிய டொம் பெட்ச் என்னும் அறிஞர் இப்புற்றுக் காளான்களைப் பற்றி 1906-ஆம் ஆண்டிலேயே எழுதினார். கறையான் செய்யும் இப்பயிர்த்தொழிலை வணிகமுறையில் செய்ய மனிதனால் இன்னும் இயலவில்லை. தேங்காய்ப் பாலில் இக்காளான் கறி சமைத்துண்டோர் இக்குறையை நன்கறிவர்.

ஒரே குட்டி ஈனும் வௌவால், இருக்க மரமும் உண்ணக் கனியும் உள்ளவரை நகரத்தின்மேல் பறந்து பிழைத்துக்கொள்கிறது. கோடிக்கணக்கில் வித்துக்களை வீசும் காளானுக்கோ, கலைக்கப்படாத புற்று ஒன்று வேண்டும். வளவு தோறும் கொங்கிறீற்று இட்டு, எஞ்சிய புற்றிலும் நஞ்சூற்றி வருகிறோம் நாம். வௌவால்கள் கடந்து செல்லும் ஒருகொடவத்தைச் சந்தியிலே மழை பெய்தால், இன்று நனைவது தாரும் இரும்புப் பெட்டிகளுமே.