தம்புள்ளை மரச்சோலை

மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருவீதியில் நாவுலையைக் கடந்ததும் காற்றின் தன்மையே மாறிவிடுகிறது. மிளகும் கொக்கோவும் செழித்த மலைச்சாரலின் குளிர்மை பின்தங்க, உலர்வலயத்தின் வெம்மை முகத்திற் படுகிறது. தம்புள்ளைக்கு வருவோரிற் பலர் குகைக்கோயிலைக் கண்டதோடு மீண்டுவிடுவர். அவ்வூரிலிருந்து கண்டலமைக்குச் செல்லும் வீதியிலே, அவர்கள் காணாது விட்ட செல்வம் ஒன்று உண்டு. அதுவே பொப்ஹாம் மரச்சோலை.

சாம் பொப்ஹாம் ஓர் ஆங்கிலேயர். கடற்படையிற் பணிபுரிந்து, பின்னர் தேயிலைத் தோட்டத் துரையாக விளங்கியவர். 1963ஆம் ஆண்டில் அவர் இங்கு வந்தபோது கண்டது காடன்று. சேனைப் பயிர்ச்செய்கைக்காக மரங்கள் அழிக்கப்பட்டு, முட்புதர் மண்டிக் கிடந்த நிலமே. அதனை மீண்டும் காடாக்குவதே தம் கடமையென அவர் கொண்டார்.

காடு வளர்ப்பதென்றால் கன்று நடுவதே என்பது நம் எண்ணம். மரநடுகை விழாக்கள் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. நட்ட கன்றுகளோ அடுத்த கோடையிற் கருகிவிடுகின்றன. சட்டியில் வளர்ந்த கன்றின் சிறுவேர், பல மாத வறட்சியைத் தாங்குவது அரிது. பொப்ஹாம் கைக்கொண்ட வழி வேறு. முட்புதர்களை வெட்டி அகற்றி, அவற்றிடையே ஒளியின்றி நலிந்து நின்ற நாட்டு மரக்கன்றுகளை இனங்கண்டு விட்டுவைத்தார். கத்திக்கு இரையான மரங்களின் அடிக்கட்டைகள், மண்ணுள் உயிரோடிருந்த வேர்களின் வலிமையால் மீண்டும் தளிர்த்தன. பறவைகள் இட்ட வித்துகளும் முளைத்தன. எஞ்சிய வேலையை வடகீழ்ப் பருவமழை செய்தது.

இன்று அச்சோலையின் ஒற்றையடிப் பாதைகளில் நடப்போருக்குப் பழைய உறவினரைச் சந்திப்பது போன்ற உணர்வு உண்டாகும். நம் வீட்டுக் கதவுகளுக்கும் தளபாடங்களுக்கும் உதவிய முதிரை இங்கு நிற்கிறது. உலக்கையாகப் பாட்டிமார் கையில் விளங்கிய கருங்காலி நிற்கிறது. வன்னிச் சிறுவர் தேடியுண்ணும் இனிய பழத்தைத் தரும் பாலையும், வீரையும் நிற்கின்றன. என்னுடன் வந்த மாணவர் இருவர் இம்மரங்களின் பெயர்களை மட்டுமே அறிந்திருந்தனர். உயிருள்ள கருங்காலியை அன்றுதான் முதன்முறை தொட்டுப் பார்த்தனர். பெயர் மட்டும் வாழ்ந்து பொருள் மறைந்துபோகும் நிலை மொழிக்கும் கேடு, நாட்டுக்கும் கேடு.

இருள் சூழ்ந்தபின் வழிகாட்டியுடன் மீண்டும் சென்றோம். அவர் பிடித்த மங்கிய செவ்வொளியில், கிளையொன்றின் மேல் இரண்டு நெருப்புத் துளிகள் மின்னின. தேவாங்கு! பகலெல்லாம் உறங்கி இரவில் பூச்சி தேடும் அச்சிற்றுயிர், கிளையை மெல்லப் பற்றிப் பற்றி நகர்ந்து மறைந்தது. கிளையோடு கிளை பின்னிய மரங்கள் இருந்தாலன்றி அதற்கு வழியுமில்லை, வாழ்வுமில்லை.

இச்சோலை பின்னர் கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது. விடுமுறையில் பிள்ளைகளோடு தம்புள்ளை செல்லும் பெற்றோர், குகைக்கோயிலைக் கண்டபின் இங்கும் சில மணி நேரம் தங்குவாராக. காட்டை ஆக்க வேண்டுமென்பதில்லை. அதன் கழுத்தை நெரிக்கும் முள்ளை நீக்கிக் காத்திருந்தாற் போதும் என்பதை அவர்கள் கண்ணாரக் காணலாம்.