வெளுக்குமா?

ஜாசின் டவுனில் என் எல்இடி முகமூடியைப் பார்க்கிற பெண்கள் முதலில் கேட்பது, "வெளுக்குமா?"

வெளுக்காது. 1903இல் நீல்ஸ் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்ததே, தோல் காசநோய்க்கு ஒளியால் வைத்தியம் பார்த்ததற்கு. ஒளி தோலுக்கு மருந்தானது அப்படித்தான், நிறத்துக்காக அல்ல. 630 நானோமீட்டர் அளவுள்ள சிவப்பொளி கொல்லாஜனைத் தூண்டும். விடாமல் போட்டால், சில மாதங்களில் மெல்லிய சுருக்கங்கள் கொஞ்சம் குறையலாம். நீல ஒளி பருவுக்கு உதவும். ஆனால் நம் மாநிறத் தோலை இன்னும் கருக்கவும் கூடும். அந்தப் பொத்தானை அம்மாவுக்கு நான் அழுத்துவதே இல்லை.

மைக்ரோகரண்ட் கருவியில் ஓடுவது ஆம்பியரின் பத்து லட்சத்தில் சில நூறு பங்கு மின்சாரம். ஜெல் தடவித் தாடையிலிருந்து மேலே நகர்த்தினால், முகம் கொஞ்ச நேரம் இறுகித் தெரியும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் தொடக்கூடாது.

அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் போவார். வெயில் ஏறித்தான் திரும்புவார். "இந்த லைட்டு சும்மா படுத்திருக்கச் சொல்லுதே" என்று சிரிக்கிறார். கண்ணை மூடியதும் தூங்கிவிடுகிறார். பத்து நிமிஷத்தில் ஒளி தானாக அணையும். முகமூடியை மெல்லக் கழற்றுவேன், எழுப்புவதில்லை.